ஈ மொய்க்கும் டெஸ்டுகள்

டிஸ்கி: பார்த்தால் பொட்டி தட்டுறவங்களுக்கான பதிவு மாதிரி இருக்கும். ஆனா நடுநடுவுல கல்யாண மண்டபம், வாடகைப் பாத்திரம், ஒரு மன்னிப்புன்னு எல்லாம் வரும். அதனால மத்தவங்களும் தைரியமா உள்ள வரலாம். :-)

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியலை. போன வாரம் டீமுக்குப் புதுசா வந்த பையன் ஒருத்தன் என்கிட்ட கேட்டான்: "டெஸ்ட்தான் ஃபெயில் ஆயிடுச்சே, அதுக்கப்புறம் எதுக்கு க்ளீனப் எல்லாம்? பாஸ் ஆனா பண்ணா போதாதா?" சிரிக்கத்தான் தோணிச்சு. ஆனா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதின கோடும் இதையேதான் சொல்லிட்டு இருந்துச்சு. வாயால சொல்லலை, அவ்வளவுதான் வித்தியாசம். அதான் இந்தப் பதிவு.

முதல்ல, டெஸ்ட் ரன்னர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு கதை.

டெஸ்ட் ரன்னரை ஒரு கல்யாண மண்டபத்து மேனேஜரா நினைச்சுக்கங்க. ஒவ்வொரு டெஸ்டும் ஒரு கல்யாணம். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, மறுநாள் இன்னொண்ணு. ஒவ்வொரு வீட்டுக்காரரும் வந்து பந்தல் கட்டி, பாத்திரம் வாடகைக்கு எடுத்து, இலை போட்டு, முடிஞ்சதும் எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டுப் போகணும். அப்பத்தான் அடுத்த வீட்டுக்காரர் உள்ள வர முடியும். எல்லாம் நல்லபடியா நடந்த கல்யாணத்துல பிரச்சனையே இல்லை. சந்தோஷமா இருக்கறவன் பாத்திரத்தை எண்ணித் திருப்பிக் கொடுத்துடுவான். பிரச்சனை, கல்யாணம் பாதியில நின்னு போனாத்தான். ஆளுக்கு ஒரு பக்கம் கத்திட்டுக் கிளம்பிப் போயிடுவாங்க. அண்டாவுல சாம்பார் அப்படியே இருக்கும். சாயங்காலம் வர்ற ரெண்டாவது வீட்டுக்காரர் ஒரு தப்பும் பண்ணாம மண்டப வாசல்ல நின்னு முழிப்பார்.

கல்யாணம் நின்னு போனாலும் வாடகைப் பாத்திரம் திரும்பிப் போய்த்தான் ஆகணும். இந்தப் பதிவோட மொத்த சாரமும் இந்த ஒரு வரிதான். நேரமில்லாதவங்க இங்கயே எஸ்கேப் ஆகிக்கலாம். மத்தவங்க வாங்க, கொசுவத்தி சுத்தலாம்.

நடந்தது என்ன?

அப்ப நாங்க பைத்தான்ல ஒரு பேமென்ட் சம்பந்தப்பட்ட வேலை பண்ணிட்டு இருந்தோம். டெஸ்டுக்கு யாரும் நிஜ பேங்க் சர்வரோட பேச மாட்டாங்க இல்லையா, அதனால ஒரு போலி சர்வரை நானே எழுதியிருந்தேன். என் டெஸ்ட் தொடங்கும்போது அது தனி ப்ராசஸா கிளம்பி 8099-ங்கற போர்ட்ல உட்காரும். போர்ட்னா வீட்டுக் கதவு எண் மாதிரி. ஒரு கதவுக்கு ஒரு ஆள்தான். என் டெஸ்ட் இப்படி இருந்தது:

செட்அப்:
1. போலி சர்வரை 8099-ல் கிளப்பு
2. சாம்பிள் டேட்டாவை நெட்வொர்க்கிலிருந்து இறக்கு

டியர்டவுன்:
1. போலி சர்வரை நிறுத்து

பார்க்க லட்சணமா இருக்குல்ல? நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆறு மாசம் ஒழுங்கா ஓடிச்சு.

அப்ப டீம்ல புதுசா ஒரு பொண்ணு சேர்ந்தா. காலேஜ் முடிச்சு நேரா வந்தவ. அவ எழுதின மாட்யூலுக்கும் அதே மாதிரி ஒரு போலி சர்வர் தேவைப்பட்டது. என் கோடைப் பார்த்து, அதே 8099-லயே போட்டா. தப்பில்லை. டெஸ்டுகள் ஒண்ணு முடிஞ்சப்புறம்தானே இன்னொண்ணு ஓடுது. அவ கமிட் பண்ண மூணாவது நாள் பில்ட் உடைஞ்சது. திரை முழுக்க சிவப்பு. அவளோட 37 டெஸ்டும் காலி. "அட்ரஸ் ஏற்கனவே பயன்பாட்டில் உள்ளது"ன்னு ஒரே புலம்பல்.

மறுபடி ஓட்டினா மறுபடி காலி. யாரோ பில்ட் மெஷினை ரீஸ்டார்ட் பண்ணாங்க, சரியாயிடுச்சு. ரெண்டு நாள் கழிச்சு திரும்ப உடைஞ்சது. கடைசியா கமிட் பண்ணது அவ. விழறது எல்லாம் அவ டெஸ்ட். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்? நான் டீம் க்ரூப்ல, எல்லாரும் பார்க்க, ஒரு வரி போட்டேன்: "கமிட் பண்றதுக்கு முன்னாடி லோக்கல்ல ஒரு தடவையாவது ஓட்டிப் பாக்கற பழக்கம் இருக்கா?"

பாவம், அவ ஓட்டிப் பார்த்துட்டுத்தான் இருந்தா. இருபது தடவை ஓட்டினா, இருபது தடவையும் பாஸ். அவ மெஷின்ல பிரச்சனையே வரலை. ரெண்டு நாள் ராத்திரி பத்து, பதினோரு மணி வரைக்கும் ஆபீஸ்ல உட்கார்ந்திருந்தா. சரியா இருந்த கோடை நாலு விதமா மாத்தி எழுதினா. ஒரு இடத்துல முப்பது செகண்ட் தூங்குன்னு ஒரு வரி சேர்த்தா. எதுவும் எடுபடலை.

மூணாவது நாள் காலையில என் சீட்டுக்கு வந்தா. கையில ஒரு பேப்பர்ல ப்ராசஸ் எண், கிளம்பின நேரம், கூட வந்த ஆர்க்யுமென்ட் எல்லாம் எழுதியிருந்தா. "அண்ணா, பில்ட் மெஷின்ல நேத்து மத்தியானத்துலேர்ந்து ஒரு ப்ராசஸ் ஓடிட்டே இருக்கு. இது உங்க டெஸ்டோட சர்வரான்னு பாக்கறீங்களா?"

பார்த்தேன். என்னுதுதான். :-(

எப்படி நடந்தது?

சாம்பிள் டேட்டாவை இறக்கற இடத்துல எப்பவாவது ஒரு தடவை நெட்வொர்க் டைம்-அவுட் ஆகும். அப்ப செட்அப் பாதியில வெடிக்கும். பைத்தானோட யூனிட்டெஸ்ட்ல விதி என்னன்னா, செட்அப் ஒழுங்கா முடிஞ்சாத்தான் டியர்டவுன் ஓடும். அதுக்கப்புறம் டெஸ்ட் பாஸா ஃபெயிலாங்கறது டியர்டவுனுக்குக் கவலை இல்லை. ஆனா செட்அப்பே விழுந்துட்டா டியர்டவுனைக் கூப்பிடவே மாட்டாங்க. இது ஒண்ணும் ரகசியம் இல்லை, ஆவணத்துலயே தெளிவா எழுதியிருக்கு. நான்தான் படிக்கலை.

ஆக, பாத்திரம் வாங்கியாச்சு, பந்தக்கால் நடும்போது சண்டை, கல்யாணம் நின்னாச்சு. மண்டபத்துல என் அண்டா மட்டும் 8099-ல உட்கார்ந்திருக்கு.

இதைவிடக் கேவலம் அடுத்து வர்றது. என்னோட மத்த டெஸ்டுகள் ஏன் விழலை? அடுத்த டெஸ்ட் புதுசா ஒரு சர்வரைக் கிளப்பும். போர்ட் கிடைக்காம அது சத்தமில்லாம செத்துடும். தனி ப்ராசஸ் என்கிறதால டெஸ்டுக்கு அது தெரியாது. டெஸ்ட் நேரா 8099-ல போய்ப் பேசும். பழைய சர்வர் "வாங்க வாங்க"ன்னு பதில் சொல்லும். பாஸ்! அவ டெஸ்ட் சர்வரை அதே ப்ராசஸுக்குள்ள கிளப்பினதால, போர்ட் கிடைக்கலைன்னு நேர்மையா கத்திச்சு. நேர்மையா கத்தினவளுக்குத் திட்டு. குப்பை போட்டுட்டு கமுக்கமா இருந்தவனுக்கு சீனியர் பட்டம்.

இன்னொரு விஷயம். யூனிட்டெஸ்ட் ஓடும்போது ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரு எழுத்து அடிக்கும். பாஸ்னா புள்ளி. நாம எதிர்பார்த்த விடை வரலைன்னா 'எஃப்'. அதாவது ஃபெயிலியர். எதிர்பாராம வேற ஏதாவது வெடிச்சா 'ஈ'. அதாவது எரர். அன்னிக்கு திரையில மொத்தம் 38 ஈ. 37 அவளுது. வரிசையில எல்லாத்துக்கும் முன்னாடி நின்ன ஒரே ஒரு ஈ என்னுது. யூனிட்டெஸ்ட் டெஸ்டுகளைப் பெயர் வரிசையில எடுக்கும். என் ஃபைல் பெயர் முன்னாடி, அவளுது பின்னாடி. ரிப்போர்ட்டோட கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்த யாரும் மேல ஏறி முதல் ஈ-யைப் பார்க்கலை.

நம்ம ஊர்ல ஈ மொய்ச்சா என்ன அர்த்தம்? ஈ மேல தப்பில்லை, எங்கேயோ ஏதோ அழுகிக் கிடக்குன்னு அர்த்தம். டெஸ்ட் ரிப்போர்ட்லயும் அதேதான். ஒரே நேரத்துல முப்பது நாப்பது ஈ வந்தா, அந்த முப்பது பேரையும் அடிக்காதீங்க. முதல் ஈ எங்க உட்கார்ந்திருக்குன்னு பாருங்க.

பழியை யார் மேல போடலாம்?

என் மேலதான். ஆனா கொஞ்சம் வரலாறும் காரணம்.

இந்த செட்அப், டியர்டவுன் ஜோடி பைத்தான்ல பொறந்தது இல்லை. கென்ட் பெக் ஸ்மால்டாக் மொழிக்கு எழுதின எஸ்யூனிட்தான் மூலம். 1997-ல் அவரும் எரிக் காமாவும் சூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்கு ஊப்ஸ்லா மாநாட்டுக்குப் பறந்தபோது விமானத்துலயே சேர்ந்து உட்கார்ந்து ஜாவாவுக்கு ஜேயூனிட் எழுதினாங்க. (நாம விமானத்துல ஜன்னல் சீட்டுக்கு அடிச்சுப்போம்.) அதைப் பார்த்து ஸ்டீவ் பர்செல் பைத்தானுக்குக் கொண்டுவந்தது 2001-ல் வந்த பைத்தான் 2.1-ல் யூனிட்டெஸ்ட் என்ற பேர்ல சேர்ந்தது.

அந்த வடிவமைப்புல வாங்கறது ஒரு இடம், திருப்பறது இன்னொரு இடம். ரெண்டுக்கும் நடுவுல அம்பது வரி இருக்கலாம். செட்அப்ல நாலு பொருள் வாங்கி, மூணாவதுல விழுந்தா, முதல் ரெண்டையும் யார் திருப்பறது? டியர்டவுனைக் கூப்பிட்டாலும் அதுக்கு எது வாங்கினாங்க, எது வாங்கலைன்னு தெரியாதே.

இதுக்கு மருந்து வந்தது பைத்தான் 3.1-ல் (2009), அப்புறம் 2.7-ல் (2010). ஆட்க்ளீனப். பொருளை வாங்கின அடுத்த வரியிலேயே "இதைத் திருப்பணும்"னு ரன்னர்கிட்ட சொல்லி வச்சுடலாம். டெஸ்ட் பாஸோ, ஃபெயிலோ, செட்அப்பே பாதியில விழுந்துச்சோ, சொல்லி வச்சதெல்லாம் ஓடும். அதுவும் தலைகீழ் வரிசையில: கடைசியா சொன்னது முதல்ல. பந்தலைக் கட்டி அதுக்கு மேல சீரியல் செட் போட்டா, அவிழ்க்கும்போது சீரியல் செட்டைத்தானே முதல்ல கழட்டணும்? அதே லாஜிக். ஒரு க்ளீனப் விழுந்தாலும் மத்த க்ளீனப்புகள் நிக்காம ஓடும்.

க்ளாஸ் மொத்தத்துக்கும் ஒரு தடவை ஓடற செட்அப்க்ளாஸ்லயும் இதே ஓட்டை உண்டு. அது விழுந்தா டியர்டவுன்க்ளாஸ் ஓடாது. அதுக்கான ஆட்க்ளாஸ்க்ளீனப் 2019-ல் வந்த பைத்தான் 3.8-லதான் கிடைச்சது. 2022-ல் வந்த 3.11-ல் என்டர்கான்டெக்ஸ்ட்னு இன்னொண்ணு. வித் போட்டுப் பயன்படுத்தற எதையும் அதுகிட்ட கொடுத்தா, திறக்கவும் மூடவும் அதுவே பொறுப்பு.

ஆக, நான் அந்த டெஸ்டை எழுதினப்ப மருந்து வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்ஜினியரிங்ல டெஸ்டிங்னு ஒரு பேப்பர் இருந்துச்சு. ப்ளாக் பாக்ஸ், வைட் பாக்ஸ் வித்தியாசத்தை மனப்பாடம் பண்ணி 16 மார்க்குக்கு நாலு பக்கம் எழுதியிருக்கேன். ஃபெயில் ஆன டெஸ்ட் போகும்போது கதவைச் சாத்திட்டுப் போகணும்னு ஒரு வரி அதுல இல்லை.

என் கட்சி இதுதான்: டியர்டவுனை மறந்துடுங்க. வாங்கற வரிக்கு அடுத்த வரியிலேயே திருப்பற வரியை எழுதுங்க. நடுவுல ஒரு கமென்ட் கூட வேணாம்.

இன்னும் ஒண்ணு. என் பழைய டியர்டவுன் சர்வருக்கு 'டெர்மினேட்' சொல்லிட்டு அப்படியே கிளம்பிடும். அது வெறும் சிக்னல் அனுப்பறதோட சரி. ப்ராசஸ் நிஜமாவே முடிஞ்சுதான்னு 'வெய்ட்' போட்டுக் காத்திருந்து பார்க்கணும். விருந்தாளியை "சரி, கிளம்புங்க"ன்னு சொன்னா போதாது. வாசல் வரைக்கும் போய் அனுப்பிட்டு கதவைச் சாத்தணும்.

சுத்தம் பண்றேன்னு தடயத்தை அழிக்கறது

"அதெல்லாம் வேணாம், நான் ட்ரை - ஃபைனலி போட்டுக்கறேன்"னு சொல்ற அன்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டெஸ்டுக்குள்ள விடை தப்பா வந்து அசெர்ட் விழுது. சரி, ஃபைனலி ஓடுது. அங்க ஃபைலை அழிக்கப் போய், ஃபைல் இல்லைன்னு இன்னொரு வெடி. இப்ப வெளிய வர்றது ரெண்டாவது வெடி. பைத்தான் 3-ல் முதல் வெடியையும் சேர்த்துக் காட்டும்தான். ஆனா ரிப்போர்ட்ல உங்க 'எஃப்' 'ஈ'-யா மாறிடும். "கணக்கு தப்பு"ன்னு வர வேண்டிய செய்தி "ஃபைலைக் காணோம்"னு வரும். படிக்கறவன் ஃபைலைத் தேடிட்டுத் திரிவான், கணக்கு தப்பாவே இருக்கும். ஆட்க்ளீனப்ல இந்தத் தொல்லை இல்லை. ஃபெயிலியரையும் க்ளீனப் எரரையும் தனித்தனியா ரிப்போர்ட் பண்ணும்.

ஃபைனலிக்குள்ள ரிட்டர்ன் போட்டா இன்னும் அமோகம். வந்த வெடியையே முழுங்கிட்டு டெஸ்ட் பாஸ்னு சொல்லிடும். 2025-ல் வந்த பைத்தான் 3.14-லதான் இதுக்கு எச்சரிக்கை கொடுக்கவே ஆரம்பிச்சிருக்காங்க.

ஃபெயில் ஆன டெஸ்டோட முதல் கடமை, ஏன் ஃபெயில் ஆச்சுன்னு சொல்றது. க்ளீனப் அதுக்கு அடுத்தது. ரெண்டாவது கடமை முதல் கடமையோட வாயைப் பொத்தக் கூடாது.

மத்த வீடுகள்ல எப்படி?

"நாங்க பைடெஸ்ட் ஆளுங்க, எங்களுக்கு இதெல்லாம் இல்லை"ன்னு காலரைத் தூக்கறவங்களுக்கு: பைடெஸ்ட்ல ஃபிக்ஸ்சருக்குள்ள யீல்ட் போட்டு, அதுக்குக் கீழ க்ளீனப் எழுதறோம். டெஸ்ட் ஃபெயில் ஆனாலும் அது ஓடும், உண்மைதான். ஆனா யீல்டுக்கு மேலயே விழுந்தா கீழ இருக்கறது ஓடாது. என் செட்அப் கதையேதான், பேர் மட்டும் வேற. அதனால ஒரு ஃபிக்ஸ்சர் ஒரு பொருளை மட்டும் வாங்கணும். சர்வருக்கு ஒண்ணு, டேட்டாவுக்கு ஒண்ணு. ஏற்கனவே முடிஞ்ச ஃபிக்ஸ்சரோட க்ளீனப்பை பைடெஸ்ட் பார்த்துக்கும்.

கோ மொழிக்காரங்க டிஃபர் இருக்குன்னு மீசையை முறுக்குவாங்க. டெஸ்ட்ல ஃபேட்டல் கூப்பிட்டாலும் டிஃபர் ஓடும், நியாயம்தான். ஆனா பேரலலா ஓடற சப்-டெஸ்டுகள் வச்சிருந்தா, தாய் டெஸ்டோட ஃபங்ஷன் முதல்ல முடிஞ்சு அதோட டிஃபர் ஓடிடும். அதுக்கப்புறம்தான் குழந்தைகள் ஓடவே ஆரம்பிக்கும். பந்தியில உட்காரும்போதே இலையை உருவின கதை. 2020 பிப்ரவரியில் வந்த கோ 1.14-ல் இதுக்காகவே க்ளீனப்னு ஒண்ணு சேர்த்தாங்க. அது எல்லா சப்-டெஸ்டும் முடிஞ்ச பிறகுதான் ஓடும். ஒரு மொழி தன் டெஸ்ட் பேக்கேஜுக்குன்னு தனியா இதை எழுத வேண்டி வந்திருக்குன்னா, பிரச்சனை என்னை மாதிரி சோம்பேறிகளோடது மட்டும் இல்லைன்னு ஒரு அல்ப சந்தோஷம்.

"விட்டுட்டுப் போனாத்தானே பார்க்க முடியும்?"

இந்த இடத்துல ஒரு நியாயமான எதிர்க்கட்சி உண்டு. டெஸ்ட் ஃபெயில் ஆனா எல்லாத்தையும் துடைச்சு வச்சுட்டா, ஏன் ஃபெயில் ஆச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? கொலை நடந்த வீட்டை ஃபினாயில் ஊத்திக் கழுவலாமா?

கூடாது. ஆனா தடயம் வேற, குப்பை வேற. லாக், டெஸ்ட் எழுதின ஃபைல், டேட்டாபேஸ்ல அந்த நேரம் என்ன இருந்துச்சுங்கற ஒரு நகல், இதெல்லாம் தடயம். ஓரமா எடுத்து வைங்க, யார் வழியையும் அது மறிக்காது. பைடெஸ்ட்ல டெம்ப் பாத் கேட்டா ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி டைரக்டரி கொடுத்து, கடைசி மூணு ஓட்டத்தோடதை வச்சிருக்கும். 7.3-லேர்ந்து ஃபெயில் ஆன டெஸ்டோடதை மட்டும் வச்சுக்கோன்னும் சொல்லலாம். அழகான ஏற்பாடு. ஆனா உயிரோட ஓடற ப்ராசஸ், பிடிச்சு வச்ச போர்ட், திறக்காத லாக், பொது டேபிள்ல கிடக்கற வரிசை - இதெல்லாம் அடுத்தவன் வழியில கிடக்கற குப்பை. போட்டோ எடுத்துக்கங்க, அப்புறம் அகற்றுங்க.

யாரும் சுத்தம் பண்ணலைன்னா?

இவ்வளவு எழுதினப்புறம் ஒரு உண்மையையும் ஒத்துக்கறேன். எந்தக் க்ளீனப்பும் உத்தரவாதம் இல்லை. பில்ட் மெஷின்ல யாராவது 'கில் மைனஸ் 9' அடிச்சா ஆட்க்ளீனப்பாவது மண்ணாவது. கோ-ல ஒரு டெஸ்ட் தொங்கிப் போய் பத்து நிமிஷ டீஃபால்ட் டைம்-அவுட் தாண்டினா மொத்த ப்ராசஸும் பேனிக் ஆகிச் செத்துடும். க்ளீனப் ஓடாது. கரண்ட் போனா எதுவுமே ஓடாது. (எங்க ஊர்ப் பக்கம் இருக்கறவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.)

அதனால ரெண்டாவது பாதி: முந்தின ஆள் சுத்தம் பண்ணியிருப்பான்னு நம்பி உள்ள வராதீங்க. 8099-ன்னு கல்லுல செதுக்கினதுதான் என் முதல் தப்பு. போர்ட் எண் பூஜ்யம்னு கேட்டா, காலியா இருக்கற ஏதோ ஒரு போர்ட்டை ஆப்பரேட்டிங் சிஸ்டமே கொடுக்கும். டைரக்டரி பேர், டேபிள்ல போடற ஐடி எல்லாம் ஓட்டத்துக்கு ஓட்டம் வேறயா இருக்கட்டும்.

அதைவிட உத்தமம், யாரும் பண்ணாமலேயே நடக்கற க்ளீனப். பைத்தானோட டெம்ப்ரரிஃபைல் லினக்ஸ்ல ஃபைலுக்கு டைரக்டரியில பேரே வைக்காது, இல்லைன்னா திறந்த கையோட அந்தப் பேரை அழிச்சுடும். ப்ராசஸ் எப்படிச் செத்தாலும் ஃபைல் கூடவே போயிடும். ஜாங்கோவோட டெஸ்ட்கேஸ் ஒவ்வொரு டெஸ்டையும் ஒரு ட்ரான்ஸாக்‌ஷனுக்குள்ள வச்சு, முடிஞ்சதும் ரோல்பேக் பண்ணும். நடுவுல ப்ராசஸ் செத்தாலும் கமிட் ஆகாததை டேட்டாபேஸே தூக்கிப் போட்டுடும். வாழை இலை மாதிரி. கழுவ மறந்துட்டோமேன்னு கவலையே இல்லை. எவர்சில்வர் தட்டுல சாப்பிட்டாத்தானே கழுவணும்? முடிஞ்ச இடத்துல எல்லாம் இலை போடுங்க. முடியாத இடத்துல ஆட்க்ளீனப் போடுங்க.

எனக்குச் சுத்தமா ஆகாத ஒண்ணு மூணாவது வழி: "ஃபெயில் ஆனா திரும்ப ஓட்டு". விழுந்த டெஸ்டைத் தானா மூணு தடவை ஓட்டி, ஒரு தடவை பாஸ் ஆனா பச்சைன்னு சொல்ற செட்டிங். நாங்களும் அப்ப அதைப் போடலாமான்னு பேசினோம். போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? செட்அப் திரும்ப ஓடியிருக்கும், நெட்வொர்க் இந்தத் தடவை வந்திருக்கும், என் ஒத்தை ஈ மறைஞ்சு புள்ளி ஆகியிருக்கும். அண்டா அப்படியே 8099-ல உட்கார்ந்திருக்கும். அவளோட 37 மட்டும் சிவப்பா நின்னிருக்கும். குற்றவாளிக்கு விடுதலை, சாட்சிக்குத் தூக்கு.

கடைசியா

அன்னிக்கு அவ அந்தப் பேப்பரைக் காட்டினப்புறம், நாலு வரி மாத்தினேன். சர்வரைக் கிளப்பற வரிக்குக் கீழ ஆட்க்ளீனப், போர்ட் பூஜ்யம், டெர்மினேட்டுக்குக் கூட ஒரு வெய்ட், நெட்வொர்க்ல இறக்கின டேட்டாவை ரிப்பாஸிட்டரிக்குள்ளயே ஒரு ஃபைலா வச்சாச்சு. மொத்தம் பத்து நிமிஷ வேலை. பில்ட் பச்சை.

அதைவிட நேரம் எடுத்தது அடுத்த வேலைதான். திட்டினது எல்லாரும் இருக்கற க்ரூப்ல. மன்னிப்பை மட்டும் சீட்டுக்குப் போய் காதுல சொல்லிட்டு வந்துடலாம்னுதான் மனசு சொல்லிச்சு. அரை மணி நேரம் டைப் பண்ணிப் பண்ணி அழிச்சு, கடைசியா அதே க்ரூப்ல போட்டேன்: "பில்ட் உடைஞ்சதுக்குக் காரணம் என் டெஸ்ட். அவங்க டெஸ்ட்ல ஒரு தப்பும் இல்லை. கண்டுபிடிச்சதும் அவங்கதான். அன்னிக்கு நான் கேட்ட கேள்வியை நான் என்னையே கேட்டிருக்கணும்." ரெண்டு பேர் கட்டைவிரல் தூக்கினாங்க. அவ ஒண்ணும் சொல்லலை. சாயங்காலம் அவ கமிட் ஒண்ணு வந்தது. அந்த முப்பது செகண்ட் தூக்கத்தை எடுத்திருந்தா. கமிட் மெசேஜ்: "இனி தேவையில்லை".

அவ இப்ப வேற கம்பெனியில, என்னைவிட நல்ல சம்பளத்துல இருக்கா. :-) நான் இன்னமும் சிவப்பு பில்டைப் பார்த்தா, கடைசியா கமிட் பண்ணது யாருன்னு பார்க்கறதுக்கு முன்னாடி மேல ஏறி முதல் ஈ-யைத்தான் தேடறேன்.

போன வாரம் கேட்ட அந்தப் பையனுக்கும் இதைத்தான் சொன்னேன். தம்பி, பாஸ் ஆகற டெஸ்டுக்கு ஒரு குணமும் தேவையில்லை. விழற டெஸ்டுக்குத்தான் ஒழுக்கம் வேணும். ஏன்னா அது விழும்போது பக்கத்துல நிக்கறது யாருன்னு அதுக்குத் தெரியாது.

உங்க டீம்ல யாராவது சும்மா பழி சுமந்திருக்காங்களா? இல்லை, நீங்களே யார் தலையிலயாவது ஏத்தியிருக்கீங்களா? பேர் வேணாம், கதையை மட்டும் சொல்லுங்க. நான் தனியா இல்லைன்னு தெரிஞ்சா கொஞ்சம் ஆறுதலா இருக்கும்.

பி.கு: மண்டப உதாரணத்தைப் படிச்சுட்டு, "உன் கல்யாணம் எப்ப?"ன்னு கேட்டு வர்ற பின்னூட்டங்கள் மட்டுறுத்தப்படும். :-)